விலையில்லாப் பிரதியும் உள்ளூர்ப் படைப்பாளியும்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

1

கலை இலக்கிய ஆக்கங்களின் திருட்டுப் பிரதிகள் இணையத்தின் வழியே பரவுவது பற்றித் தமிழில் நிகழும் விவாதங்கள் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுள் அடங்கிவிடுகின்றன. அதனைத் திருட்டு எனக் கண்டித்து, பொலிசாரும் நீதிமன்றமும் தீர்த்துவைக்க வேண்டிய குற்றமாக மாத்திரம் காண்பது ஒரு நிலைப்பாடு. தென்னிந்தியத் திரைப்படத் தயாரிப்பாளரின் குரலே இதில் ஓங்கி ஒலிக்கின்றது. 2016ஆம் ஆண்டில் இயக்குநர் சேரன், திருட்டுப் பிரதிகளின் பின்னணியில் இலங்கைத் தமிழர் சிலர் இருப்பதாகப் பொருள்படப் பேசியமை கண்டனத்துக்குள்ளானது. அறிவும் கலையும் மக்களின் பொதுச்சொத்து, அவற்றுக்கு வேலியிடுவது முதலாளியம், ஆகவே வேலியைத் தாண்டுவது குற்றமன்று என வாதிடுவது மற்றைய நிலைப்பாடு. முற்போக்கு வட்டாரங்களில் இதற்கே ஆதரவு அதிகம்.

இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. திருடப்படும் பொருளின் உரிமையாளரையும் அதனை நுகர்வோரையும் மட்டுமே இவை கணக்கிற் கொள்கின்றன. அப்பொருள் வந்து சேரும் ஊரிலே இருந்துகொண்டு எழுதுகின்ற, பாடுகின்ற, படமெடுக்கின்ற படைப்பாளி இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. அவரை இக்கணக்கிற் சேர்க்கும்போது பிரச்சினையின் வடிவமே மாறிவிடுகின்றது என்பது நமது கருத்து.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனப் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்துத் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களை நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். இப்பகுதியிலே திருட்டுப் பிரதியால் மிகுதியும் நலிபவர் தமது ஆக்கம் திருடப்படும் தொலைதூரத்துத் தயாரிப்பாளரல்லர். தமது ஆக்கத்தைத் திருடவும் எவரும் அக்கறை கொள்ளாத உள்ளூர்ப் படைப்பாளியே. இக்கூற்றை நிறுவுவதற்கு இப்பகுதியின் பண்பாட்டு வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

2

பிரதி செய்தல் இப்பகுதி மக்களுக்குப் புதியதன்று. வயலிலும் வரம்பிலும் வழங்கிய நாட்டார் கவிகள், பொல்லடிப் பாடல்கள், பக்கீர்மார் றபான் தட்டிப் பாடிய பைத்துகள் ஆகியன வாய்க்கு வாய் பெயர்ந்தே வாழ்ந்தன. பிற்காலத்தில் நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் நாட்டார் கவிகளைத் தேடித் தொகுத்து அச்சேற்றியபோது, ஒரு கவியின் ஆசிரியர் யார் என்ற வினாவுக்கு அங்கு இடமிருக்கவில்லை. ‘இணையம் புதிய வாய்மொழி மரபு, அதிலே பகிர்வது நமது மரபின் தொடர்ச்சி’ என்ற வாதம் இவ்வுண்மையை ஆதாரமாகக் கொண்டே முன்வைக்கப்படுகின்றது.

இவ்வாதம் கவர்ச்சியானது, ஆயின் அரைகுறையானது. வாய்மொழிக் கலை விலையற்று வழங்கியதாக எண்ணுவது தவறு. நோன்பு இரவுகளில் ஸஹருக்கு ஊரை எழுப்பிப் பாடிச் சென்ற பக்கீருக்கு வீட்டார் அரிசியும் காசும் கொடுத்தனர். வயலிற் கவி பாடியவர் அதே வயலிற் கூலி பெற்றவர். பாடியவரும் கேட்டவரும் ஒரே உற்பத்தி வாழ்விற் பிணைக்கப்பட்டிருந்தமையால் கலைக்குரிய கைம்மாறு ஏதோவொரு வடிவிற் பாடியவரை வந்தடைந்தது. உடைமை தெளிவற்றிருந்ததேயன்றிக் கைம்மாறு இல்லாதிருக்கவில்லை. இணையத்திலோ ஆக்கம் ஊர் முழுவதையும் சுற்றி வருகின்றது. அதன் வழியே ஈட்டப்படும் விளம்பர வருவாய் மட்டும் கடல் கடந்து பெருநிறுவனத்தின் கணக்குக்குச் செல்கின்றது. பாடியவரின் வாசலில் அரிசி வைக்கும் கை இங்கு இல்லை. இவ்வேறுபாட்டைக் காணாது இரண்டையும் ஒன்றெனல் வரலாற்று நோக்காகாது.

எண்பதுகளின் ஒலிநாடாக் காலம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. வளைகுடா நாடுகளில் உழைத்து மீண்டோர் கொணர்ந்த ஒலிப்பதிவுக் கருவிகளும், வெற்று நாடாவிலே விரும்பிய பாடல்களைப் பதிந்து கொடுத்த நிலையங்களும் தமிழ் பேசும் ஊர்கள் எங்கும் பெருகின. நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாடல்கள் இவ்வாறே வீடுதோறும் புகுந்தன. பாடகருக்கு அதனால் வருவாயில்லை. ஆயினும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு நாடாவின் விலையும் ஒரு மணிநேர உழைப்பும் தேவைப்பட்டன. கேட்பவர் ஏதேனும் செலவிட்டே பெற்றார். கலைப்பொருளுக்கு விலை உண்டு என்ற உணர்வு, அவ்விலை உரியவரைச் சென்றடையாதபோதும், நிலைத்திருந்தது. இணையப் பிரதி அழித்தது இவ்வுணர்வையேயாகும்.

3

கல்முனையின் அச்சுப் பண்பாட்டில் எழுபதுகள் தனி இடம் பெறுவன. எம். ஏ. நுஃமானின் முயற்சியால் இங்கு ‘கவிஞன்’ இதழ் வெளிவந்தது. வாசகர் சங்கம் என்ற பெயரில் நூல்கள் வெளிவந்தன. அளவெட்டியைச் சேர்ந்த மஹாகவியின் ‘கோடை’ 1970இல் வெளியானது. மௌனகுரு, சித்திரலேகா, நுஃமான் ஆகிய மூவரும் எழுதிய ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ 1979இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துக் கவிஞர் ஒருவரின் நூலைக் கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊரொன்று வெளியிட்டமை ஈழத்து இலக்கிய வரலாற்றில் மனங்கொளத்தக்கது. பெருமூலதனம் இன்றி, வாசகரையே ஆதாரமாகக் கொண்டு நடைபெற்ற பதிப்பு முயற்சி அது.

அம்முயற்சி வெற்றிடத்தில் நிகழவில்லை. 1970–77 காலத்து அரசு இறக்குமதிகளை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் வருகையும் மட்டுப்படுத்தப்பட்டது. வாசகர் சிலர் இதனால் இழப்புற்றனர் என்பதை மறுத்தற்கில்லை. எனினும் உள்நாட்டு எழுத்துக்கு ஓர் இடைவெளி திறந்தது. 1972 முதல் வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டு, இங்கும் ஒரு நாவல் வாசகர் கூட்டம் உண்டு என மெய்ப்பித்தது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலாக வெளிவந்து 1978இல் திரைப்படமும் ஆயிற்று. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின்னர் தென்னிந்தியச் சஞ்சிகைகள் மீண்டும் வந்து குவிந்தன. உள்நாட்டு வெளியீட்டு முயற்சிகள் சோர்வுற்றன. மருதமுனைக் கைத்தறி நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இறக்குமதித் துணி வந்து குவிந்தபோது நாட்டின் கைத்தறித் தொழிலே தளர்ந்தது. மருதமுனைச் சாரனை எவரும் களவாடவில்லை. அதைவிட மலிவான துணி சந்தைக்கு வந்தமையே போதுமானதாயிற்று.

இணையத் திருட்டுப் பிரதி இவ்வரலாற்றின் அடுத்த கட்டமாகும். சஞ்சிகை மலிவாக வந்தது. திருட்டுப் பிரதியோ விலையின்றியே வருகின்றது. சென்னையிலே திரையிடப்பட்ட படம் ஓரிரு நாட்களுள் கல்முனையின் கைத்தொலைபேசிகளில் ஓடுகின்றது. தமிழ்ரொக்கர்ஸ் என்ற பெயர் பத்தாண்டுகளுக்குள் வீட்டுச் சொல்லாகியது. 2018இல் தென்னிந்தியாவிலே அதனோடு தொடர்புடையோர் எனச் சிலர் கைதான பின்னரும், முகவரிகள் மாறினவேயன்றிப் பழக்கம் மாறவில்லை. சென்னைத் தயாரிப்பாளருக்கு இதனால் ஏற்படும் இழப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் அவருக்குத் திரையரங்கு உண்டு, தொலைக்காட்சி உரிமை உண்டு, வெளிநாட்டுச் சந்தை உண்டு. சாய்ந்தமருதிலே கடன்பட்டுக் குறும்படம் எடுக்கும் இளைஞருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அவர் போட்டியிடுவது கோடிக்கணக்கில் மூலதனமிட்டு உருவாக்கப்பட்ட பண்டத்தோடு. அப்பண்டத்தின் விலையோ இங்கு பூச்சியம். இருநூறு ரூபா கேட்டால் ‘பெரிய படமே சும்மா கிடைக்கிறதே’ என்ற விடை அவருக்குக் கிடைக்கின்றது. அவரது படத்தை எவரும் திருடவில்லை. அதற்கு விலை உண்டு என்ற எண்ணமே அவரது சூழலிலிருந்து அகற்றப்பட்டுவிட்டது.

இது கல்முனைக்கு மட்டும் உரிய விதியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்கா அந்நிய எழுத்தாளரின் பதிப்புரிமையை ஏற்கவில்லை. ஆங்கில நாவல்கள் அங்கு எவ்வித கொடுப்பனவுமின்றி மறுபதிப்புச் செய்யப்பட்டன. 1842இல் அங்கு சென்ற சார்ள்ஸ் டிக்கன்ஸ் இதனைப் பகிரங்கமாக முறையிட்டார். ஆயின் இதனாற் பாதிப்புற்றவர் டிக்கன்ஸ் மட்டுமல்லர். ஆங்கிலேய நாவலை ஊதியமின்றி அச்சிடக்கூடிய பதிப்பாளர், ஊதியம் கொடுக்க வேண்டிய அமெரிக்க எழுத்தாளரை ஏன் நாட வேண்டும்? 1891இல் அந்நிய எழுத்தாளருக்கும் பதிப்புரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியபோது, அதற்காகப் போராடியவர்களுள் அமெரிக்க எழுத்தாளரே முன்னின்றனர். அயலாரின் உரிமையைக் காப்பது தமது பிழைப்பைக் காப்பதாகும் என அவர்கள் உணர்ந்திருந்தனர்.

4

உள்ளூர் ஆக்கமே நேரடியாகப் பிரதி செய்யப்படும் சந்தர்ப்பங்களும் உள. இங்கு இழப்பின் அளவை உணர வேண்டுமாயின் நமது நூற் சந்தையின் அளவை உணர்தல் வேண்டும். இலங்கைத் தமிழ்க் கவிதைத் தொகுதி ஒன்று பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தச் செலவிலேயே, சில நூறு பிரதிகளாக அச்சிடப்படுகின்றது. வெளியீட்டு விழாவிலே முதற்பிரதியை ஊர்ப் பிரமுகர் ஒருவர் பெரும்பணம் கொடுத்துப் பெறுகிறார். விழாவுக்கு வந்தோர் சில பிரதிகளை வாங்குகின்றனர். எஞ்சியவை நண்பருக்கும் விமர்சகருக்கும் அன்பளிப்பாகின்றன. நூலகங்கள் சிலவற்றை வாங்கினால் அது பேறு.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். முந்நூறு பிரதிகளுள் இருநூறு இவ்வாறு சென்றபின் எஞ்சும் நூறே உண்மையான விற்பனைக்குரியன. அந்நூலை ஒருவர் ஒளிவருடி வாட்ஸ்அப் குழுவொன்றில் இடுகிறார். அத்தகைய ஒரு குழுவிலே இன்று 1024 பேர் வரை இருக்கலாம். ஒரு விரலசைவிலே நூலின் முழு அச்சுப் பதிப்பையும் மூன்று மடங்கு விஞ்சிய பதிப்பொன்று வெளியாகிவிடுகின்றது. பெற்றவர் அனைவரும் விலை கொடுத்து வாங்கியிருப்பர் என்பதன்று நமது வாதம், பெரும்பாலோர் வாங்கியிரார். ஆயின் வாங்கக்கூடியவராயிருந்த அந்த நூறு பேரும் அக்குழுவிலேயே இருக்கின்றனர். பெருஞ்சந்தையில் இவ்விழப்பு ஒரு விகிதம். சிறுசந்தையில் அதுவே முழுமை.

வாசகர் பக்கத்து நியாயத்தையும் நாம் புறக்கணிக்கவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியிலே கடதாசித் தட்டுப்பாட்டினால் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. பாடசாலைப் பரீட்சைகளும் ஒத்திவைக்கப்பட்டன. 2024இல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்ந்து நூல்களையும் சார்ந்தது. ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்தில் நூலுக்கென ஒதுக்க எஞ்சுவது எவ்வளவு என்பதை நாம் அறிவோம். விலையில்லாப் பிரதியை நாடுபவர் எல்லாரும் பேராசைக்காரரல்லர். எனினும் வறிய வாசகரின் தேவையை வறிய எழுத்தாளரின் செலவில் நிறைவு செய்வது சமூக நீதியாகாது. ஒரே வர்க்கத்தைச் சேர்ந்த இருவரை ஒருவருக்கெதிராக ஒருவராக நிறுத்தும் ஏற்பாடே இது. இருவரும் ஒருவரையொருவர் குறை கூறிக்கொண்டிருக்க, குழுவையும் தளத்தையும் நடத்தும் நிறுவனம் இருவரது நேரத்தையும் விளம்பரதாரருக்கு விற்கின்றது. பதிப்புரிமையை முதலாளியம் என எதிர்க்கும் நண்பர்கள் இந்நிறுவனங்களைப் பற்றி மௌனம் சாதிப்பது வியப்புக்குரியது.

பணத்தைவிடப் பாரதூரமான இழப்பு ஒன்றும் உண்டு. அது பெயரின் இழப்பு. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் கவிதைகள் ஆசிரியர் பெயரின்றியும், வேறொருவர் பெயரிலும், வரிகள் சிதைந்தும் உலவுவதை அன்றாடம் காண்கிறோம். கல்முனையின் சோலைக்கிளி எண்பதுகளில் ஈழத்துக் கவிதைக்குக் கொண்டுவந்த படிம மொழி, அப்பிரதேசத்தின் பேச்சு, நிலம், அச்சம் ஆகியவற்றோடு பிரிக்கவொண்ணாதது. அத்தகைய கவிதை பெயரும் ஊரும் ஆண்டும் நீங்கி நான்கு வரிப் பொன்மொழியாக அலையுமாயின், அதனை வரலாற்றில் வைத்து வாசிக்கும் வாய்ப்பே அற்றுப்போகின்றது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கத்திலே தமது பெயர் இடம்பெறவும் அது சிதைக்கப்படாதிருக்கவும் ஆசிரியருக்குள்ள உரிமையைப் பொருளாதார உரிமையிலிருந்து வேறாக ஏற்றுள்ளது. நூலால் ஒரு சதமும் ஈட்டாத எழுத்தாளருக்கும் இவ்வுரிமை உண்டு. சிறுபான்மையினுள்ளும் சிறுபான்மையாக, தமது இலக்கியப் பங்களிப்பு உரியவாறு பதிவுபெறவில்லை என நெடுங்காலம் உணர்ந்துவந்துள்ள கிழக்கிலங்கை முஸ்லிம் எழுத்தாளருக்குப் பெயர் என்பது வீண் பெருமையன்று. வரலாற்றில் இருப்பதற்கான சான்று.

5

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, பிரதி செய்தல் யாவும் தீது என நாம் முடிவு செய்வதாகக் கொள்ளலாகாது. ஈழத்துத் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பிரதி என்பது உயிர்காப்பும் ஆகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதனவும் இருந்தன. 2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் வரையிலான உயிர்களைக் காவுகொண்டது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோர வீடுகளோடு அவ்வீடுகளிலிருந்த நூல்களும் கையெழுத்துப் படிகளும் நிழற்படங்களும் கடலிற் கலந்தன. பிரதியில்லாத பண்பாடு ஒரு தீக்குச்சிக்கும் ஓர் அலைக்கும் தாங்காது என்பதை நம்மைவிட அனுபவித்து அறிந்தோர் சிலரே.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இத்தேவையிலிருந்தே பிறந்தது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிலே பேணி எவரும் வாசிக்க வைக்கும் அம்முயற்சி, உரியவரின் அனுமதியைக் கொள்கையாகக் கொண்டுள்ளது. அதற்கு முன்னரே, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் விலையின்றிக் கிடைக்கச் செய்தது. தமிழ்நாட்டரசு 1949இல் பாரதியின் ஆக்கங்களைப் பொதுவுடைமையாக்கியதும், பின்னர் பல எழுத்தாளரின் நூல்களை அவர்தம் குடும்பத்தினருக்குத் தொகை வழங்கி நாட்டுடைமையாக்கியதும் இவ்வழிப்பட்டனவே. இவற்றில் ஆக்கம் பொதுச்சொத்தாகின்றது. அது ஆசிரியரின் இசைவோடு, அல்லது அவருக்கோ அவர் வழியினருக்கோ உரிய கைம்மாற்றோடு நிகழ்கின்றது. பெயரும் பதிப்பு விபரமும் காக்கப்படுகின்றன. டெலிகிராம் அலைவரிசையொன்றில் இடப்படும் பிரதிக்கு இவ்வியல்புகளுள் எதுவுமில்லை. முன்னையது பொதுமையாக்கம், பின்னையது பறிமுதல். இரண்டும் ஒரே எண்ணிமக் கோப்பாகத் தோன்றுவதால் ஒன்றாகிவிடா.

பாடநூல்களின் நிலையும் தனியே நோக்கற்பாலது. ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் முதலிய பதிப்பகங்கள் தில்லிப் பல்கலைக்கழக நிழற்பிரதிக் கடையொன்றின் மீது 2012இல் வழக்குத் தொடுத்தன. கற்பித்தலுக்காகப் பாடப் பகுதிகளை நிழற்பிரதி செய்தல் உரிமை மீறலன்று என 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வளர்முக நாடுகளின் கல்வித் தேவைக்கென பேர்ண் உடன்படிக்கையில் 1971இல் சேர்க்கப்பட்ட பின்னிணைப்பும் இந்நியாயத்தை ஓரளவு ஏற்றதேயாம். ஒலுவிலிலோ பேராதனையிலோ பயிலும் வறிய மாணவர் பேரளவு விலையுள்ள அந்நிய நூலொன்றின் ஓர் இயலைப் பிரதி செய்வதையும், அயலூர்க் கவிஞரின் எண்பது பக்கத் தொகுதியை முழுமையாகப் பிரதி செய்து பரப்புவதையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. உரிமையாளரின் பலமும் தேவையின் தன்மையும் சந்தையின் அளவும் சேர்ந்தே நியாயத்தைத் தீர்மானிக்கின்றன.

6

தமிழ் நாவலின் தோற்றத்தை ஆராய்ந்த பேராசிரியர் க. கைலாசபதி, அச்சுச் சாதனமும் வாசகர் கூட்டமும் உருவான வரலாற்றோடு இணைத்தே அவ்விலக்கிய வடிவத்தை விளக்கினார். அம்முறையியலை இன்றைய நிலைமைக்கும் பிரயோகித்தல் நமது கடனாகும். ஆக்கங்கள் எவ்வாறு பரவுகின்றன என்பது எவ்வகை ஆக்கங்கள் உருவாகும் என்பதையும் நிர்ணயிக்கின்றது. கைம்மாறற்ற சூழலிலே நிலைக்கக்கூடிய எழுத்தாளர் எவர்? வேறு வருவாயுள்ளவர், புரவலரை அண்டுபவர், விளம்பரதாரருக்கு இசைந்து எழுதுபவர் ஆகியோரே. நெசவாளரின் மகளும் மீனவரின் மகனும் எழுத வருவதற்கான வழி அடைபடுகின்றது. முற்போக்கு இலக்கியம் எவருக்காகக் குரல் கொடுத்ததோ அவர்களே இதனால் முதலில் மௌனமாக்கப்படுவர். ‘எல்லாருக்கும் இலவசம்’ என்ற முழக்கத்தின் வர்க்க உள்ளடக்கம் இதுவே.

சட்டமும் தண்டனையும் இதற்குப் போதிய பரிகாரமாகா. ஆசிரியரின் இசைவு, ஆசிரியரின் பெயர், ஏதேனுமொரு கைம்மாறு ஆகிய மூன்றையும் பகிர்தலின் நிபந்தனைகளாக வாசகர் சமூகமே ஏற்றல் வேண்டும். எழுத்தாளர் தரப்பில், அச்சுப்பிரதி தீர்ந்த நூல்களை நூலகம் போன்ற ஆவணகங்களுக்கு மனமுவந்து வழங்குதல் நன்று. கிடைக்காத நூலே களவுப் பிரதிக்கு நியாயம் தேடித் தருகின்றது. பாடசாலைகளும் பொது நூலகங்களும் தத்தம் பிரதேசத்து நூல்களை ஆண்டுதோறும் விலைகொடுத்து வாங்குமாயின், முந்நூறு பிரதிச் சந்தையிலே அதுவே பெரும் ஆதாரமாகும். பள்ளிவாசல்களும் இளைஞர் கழகங்களும் உள்ளூர்க் குறும்படங்களையும் நாடகங்களையும் சிறு கட்டணத்துடன் காட்டுதல், கலைக்கு விலை உண்டு என்ற உணர்வை மீட்க உதவும். விமர்சகர் தமது பங்குக்கு, உள்ளூர் ஆக்கங்களை வாங்கி வாசித்து, பெயர் சுட்டி மதிப்பிடுதல் வேண்டும்.

எழுபதுகளிற் கல்முனையிலே நூல் வெளியிட முனைந்தோர் தமது முயற்சிக்கு வாசகர் சங்கம் எனப் பெயரிட்டமை வெறும் தற்செயலன்று எனக் கருதலாம். எழுதுபவரைக் காக்கும் பொறுப்பு வாசகருக்கும் உண்டு என்ற கருத்து அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. அன்று நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு இனி மீளப்போவதில்லை. மீள வேண்டும் என்பதும் நமது கோரிக்கையன்று. எல்லையற்ற இணையச் சந்தையிலே சிறிய மொழிப் பிரதேசமொன்று தன் படைப்பாளிகளைத் தக்கவைக்க வேண்டுமாயின், வாசகரின் ஒழுங்கமைந்த ஆதரவைத் தவிர அதற்கு வேறு அரண் இல்லை. கிழக்கிலங்கையின் ஊர்தோறும் நூல்களின் அச்சு, விற்பனை, பிரதிப் பரவல் ஆகியவற்றின் விபரங்களைத் திரட்டி ஆராய்தல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளப்பட வேண்டிய பணியாகும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இதற்கு முன்வருதல் வேண்டும்.